சிந்தகோ என்பவர் யார்? பொலோன்யா நகரத் தலைமைப் பதவியின் வரலாறு

வட இத்தாலியில் உள்ள பொலோன்யா நகரின் நடுச் சதுக்கமான பியாட்சா மஜ்ஜோரேயில் நிற்பவர், அந்நகரத் தலைமைப் பதவியின் வரலாற்றில் பெரும்பகுதியை நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட முடியும். சதுக்கத்தின் வடக்கே இருப்பது பொதெஸ்தாவின் மாளிகை. சுமார் 1200ஆம் ஆண்டில், ஓராண்டுக்கு மட்டும் வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒரு தலைவருக்காக நகரம் கட்டிய கட்டடம் அது. மேற்கே இருப்பது அக்கூர்சியோ மாளிகை. அக்கூர்சியோ என்ற சட்ட அறிஞரின் வீடு இருந்த அவ்விடத்தை நகராட்சி 1287இல் வாங்கியது. இன்று மேயர் அமர்ந்து பணிபுரிவது அங்கேதான். இரண்டும் ஒரே சதுக்கத்தில் அருகருகே நிற்கின்றன. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அதிகாரம் வந்து சேர ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் ஆயின. வழியில் பேரரசர், திருத்தந்தை, நெப்போலியன், முசோலினி எனப் பலரும் அதைத் தம் பக்கம் இழுத்துப் பார்த்தார்கள்.

இத்தாலிய நகராட்சிகளைப் பற்றிப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவரை முதலில் குழப்புவன பதவிப் பெயர்களே. கொன்சோலே, பொதெஸ்தா, கபித்தானோ, கோன்ஃபலோனியேரே, செனத்தோரே, சிந்தகோ என்று பல பெயர்கள் வருகின்றன. அவற்றுள் சில மறைந்து, நூற்றாண்டுகள் கழித்து வேறு பொருளில் திரும்பவும் தலைகாட்டுகின்றன. ஆகவே பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு பெயரிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போவது பயனுள்ளது: இந்த மனிதரை நாற்காலியில் அமர்த்தியவர் யார், இவர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்? அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பெயர்களின் காடு ஓரளவு வழிவிடும்.

இன்று இத்தாலியில் பெருநகரமானாலும் மலைமேல் உள்ள சிற்றூரானாலும் மேயருக்கு சிந்தகோ என்பதே பெயர். அது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். ஒருவருக்காக மன்றத்தில் நின்று வழக்காடுபவர் என்பது அதன் பழைய பொருள். இடைக்காலத்தில் சிந்தகோ என்பவர் நகரத்தின் தலைவர் அல்லர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் வழக்கில் நிற்கவும் நகரம் அனுப்பும் பிரதிநிதி அவர். பதவிக்காலம் முடிந்த அதிகாரியின் கணக்குகளையும் செயல்களையும் துருவி ஆராய நியமிக்கப்பட்டவர்களுக்கும் அதே பெயர் இருந்தது. அந்த ஆய்வுக்கு சிந்தகாத்தோ என்று பெயர். தற்கால இத்தாலிய மொழியில் சிந்தகாத்தோ என்றால் தொழிற்சங்கம். 2004இல் பொலோன்யா மக்கள் நாட்டின் மிகப்பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பின் முன்னாள் தலைவரான செர்ஜோ கோஃபெராத்தியை மேயராகத் தேர்ந்தெடுத்தபோது, ஒரே வேர்ச்சொல்லின் இரண்டு கிளைகளும் ஒரே மனிதரில் வந்து சேர்ந்தன.

பதவியின் தொடக்கத்தை அறியப் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும். அக்காலத்தில் வட இத்தாலி, பெயரளவில், ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் இருந்த செருமானியப் பேரரசரின் ஆட்சிக்கு உட்பட்டது. பேரரசர் எப்போதாவது படையுடன் வருவார். வராத காலங்களில் ஆயர்களும் நிலப்பிரபுக்களும் அவர் பெயரால் ஆண்டார்கள். நகரங்களில் வணிகம் பெருகி, நிலமும் பணமும் சட்ட அறிவும் உடைய குடும்பங்கள் தலையெடுத்தபோது, அவர்கள் ஒன்றுகூடிச் சத்தியம் செய்து தங்களைத் தாங்களே ஆளத் தொடங்கினார்கள். இந்த அமைப்புக்குக் கொமூனே என்று பெயர். இன்றும் நகராட்சியைக் குறிக்கும் இத்தாலியச் சொல் அதுவே. அப்பகுதியின் பேரதிகாரம் படைத்த நிலத்தலைவியான மத்தில்தே 1115இல் இறந்ததும், பொலோன்யா மக்கள் தங்கள் நகரில் இருந்த பேரரசரின் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் பேரரசர் ஐந்தாம் ஹென்றி அக்குற்றத்தை மன்னித்துச் சில உரிமைகளையும் எழுதிக் கொடுத்தார். அந்த 1116ஆம் ஆண்டு ஆவணத்தையே பொலோன்யா தன் நகராட்சியின் பிறப்புச் சான்றாகக் கொண்டாடுகிறது.

அந்த நகராட்சியை முதலில் நடத்தியவர்கள் கொன்சோலேக்கள். 1123இல் அவர்களைப் பற்றிய குறிப்பு கிடைக்கிறது. பண்டைய ரோமானியரிடமிருந்து இரவல் வாங்கிய பெயர் அது. அவர்கள் ஒருவர் அல்லர், பலர். குறுகிய காலத்துக்குப் பதவி வகித்தவர்கள். உள்ளூர்ப் பெருங்குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்த மூன்றாவது இயல்பில்தான் சிக்கல் இருந்தது. பெருங்குடும்பங்கள் ஒன்றோடொன்று பகைகொண்டு, பகையைக் காட்டவும் தற்காக்கவும் வானளாவிய கோபுரங்களை எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. இன்று பொலோன்யாவின் அடையாளமாக நிற்கும், ஏறத்தாழ 97 மீட்டர் உயரமுள்ள அசினெல்லி கோபுரமும் அதன் அருகில் சாய்ந்து நிற்கும் கரிசெந்தா கோபுரமும் அக்காலத்து எச்சங்களே. இத்தகைய குடும்பங்களிலிருந்து வரும் கொன்சோலே ஒரு கொலை வழக்கை விசாரித்தால், தீர்ப்பைக் கேட்பதற்கு முன்பே எதிர்க்குடும்பம் வாளை உருவிவிடும்.

இதற்கு மருந்தாகத் தோன்றிய பதவியே பொதெஸ்தா. அதிகாரம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். பொலோன்யாவில் 1151ஆம் ஆண்டிலேயே குயிதோ தா சாஸ்ஸோ என்பவர் இப்பெயருடன் ஆண்டார். இத்தாலியின் மிகப் பழைய பொதெஸ்தாக்களில் ஒருவராக அவர் எண்ணப்படுகிறார். ஆனால் இப்பதவி நிலைபெறுவதற்கு முன் ஒரு பெரும் போராட்டம் நடந்தது. 1158 நவம்பரில் பேரரசர் பிரெட்ரிக் பார்பரோசா ரொன்காலியாவில் ஒரு பேரவையைக் கூட்டி, நகரங்களின் அதிகாரிகளை நியமிக்கும் உரிமை தமக்கே உரியது என்று அறிவித்தார். அதற்குச் சட்டப் பொருத்தம் கூறியவர்கள் வேறு யாருமல்லர், பொலோன்யாவின் புகழ்பெற்ற நான்கு சட்ட ஆசிரியர்கள்தாம். அவர்களைத் துரோகிகள் என்று சொல்வது எளிது. ஆனால் அவர்கள் கற்பித்த ரோமானியச் சட்டநூல் அரசருக்கே எல்லா உரிமையும் உண்டென்று கூறியது, அதை அவர்கள் ஒப்பித்தார்கள் என்பதே நியாயமான மதிப்பீடாகத் தோன்றுகிறது.

பொதெஸ்தா என்ற பெயரிலேயே பேரரசர் அனுப்பிய அதிகாரிகள் வரி பிரிப்பதில் காட்டிய கடுமை நகரங்களை ஒன்றிணைத்தது. 1167இல் உருவான லொம்பார்டிக் கூட்டணியில் பொலோன்யாவும் சேர்ந்தது. 1176இல் லெஞ்யானோ களத்தில் பேரரசர் தோற்றார். 1183இல் கொன்ஸ்தான்ஸ் உடன்படிக்கையில், பேரரசரின் மேலாண்மையைப் பெயருக்கு ஒப்புக்கொண்ட நகரங்கள் தங்கள் ஆட்சியாளர்களைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பெற்றன. இதற்குப்பின் நடந்ததுதான் விந்தையானது. மேலிருந்து திணிக்கப்பட்ட ஒரு பதவியை வென்றவர்கள் அதை ஒழித்துக்கட்டவில்லை; அதே பெயரை வைத்துக்கொண்டு, தங்களுக்கு ஏற்ற முறையில் அதைத் திருத்தி அமைத்தார்கள்.

அந்தத் திருத்தம் விரிவாகப் பார்க்கத் தக்கது, ஏனெனில் இன்றைய வாசகருக்கு அதைவிடப் புதுமையாகத் தோன்றக்கூடிய பகுதி இவ்வரலாற்றில் இல்லை. பொதெஸ்தா நகரத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. வேறொரு நகரிலிருந்து வர வேண்டும், அதுவும் அங்கே நற்பெயர் எடுத்த குடும்பத்தவராக இருக்க வேண்டும். அவருடைய காலம் ஓராண்டு. பிற்காலத்தில் அது ஆறு மாதமாகவும் சுருங்கியது. அவர் தனியாக வருவதில்லை. நீதிபதிகள், ஆவண எழுத்தர்கள், குதிரை வீரர்கள், காவலர்கள் அடங்கிய ஒரு பரிவாரத்தைத் தம்முடன் அழைத்துவர வேண்டும். அவர்கள் அனைவரின் செலவும் அவருக்குப் பேசப்பட்ட சம்பளத்துக்குள் அடங்கும். வந்தவுடன் நகரச் சட்டநூலின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்வார். சட்டம் இயற்றுவது மன்றத்தின் வேலை. அதைச் செயல்படுத்துவதும், நீதி வழங்குவதும், போர் வந்தால் படையை நடத்துவதும் அவருடைய வேலை. அவர் உள்ளூர்க் குடிமக்களின் வீட்டில் விருந்துண்பதும் அவர்களோடு நெருங்கிப் பழகுவதும் பல நகரங்களில் தடை செய்யப்பட்டிருந்தன. பக்கச்சார்பு நுழையும் முதல் வாசல் சாப்பாட்டு மேசை என்பதை அச்சட்டங்களை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள் போலும்.

காலம் முடிந்ததும் அவர் குதிரை ஏறிப் போய்விட முடியாது. சில நாட்கள் நகரிலேயே தங்கி, முன்பு கூறிய சிந்தகாத்தோ என்னும் ஆய்வுக்கு உட்பட வேண்டும். அவரால் பாதிக்கப்பட்டதாகக் கருதும் எவரும் அப்போது முறையிடலாம். குற்றம் நிரூபணமானால் அபராதம் விதிக்கப்படும். தேர்தல் எப்படி நடந்தது என்பதைவிட இந்த இறுதிக் கணக்காய்வே அப்பதவியின் உயிர்நாடி என்பது என் எண்ணம். வெளியூர்க்காரரை அழைத்து வாளையும் துலாக்கோலையும் ஒருசேரக் கொடுத்துவிட்டு, அவர் திரும்பும்போது பையைச் சோதித்து அனுப்பும் ஏற்பாடு அது.

இம்முறை பரவியதால், நகரம் நகரமாகச் சென்று ஆட்சி செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு வகுப்பினர் உருவானார்கள். 1249 மே மாதம் ஃபொஸ்ஸால்தா போரில் பொலோன்யாப் படையை நடத்தியவர் பிரேசியா நகரத்தவரான பொதெஸ்தா பிலிப்போ உகோனி. அப்போரில் பேரரசர் இரண்டாம் பிரெட்ரிக்கின் மகனான என்சோ சிறைபிடிக்கப்பட்டார். பொதெஸ்தா மாளிகைக்கு அருகிலேயே இருந்த கட்டடத்தில் 1272இல் இறக்கும்வரை அவர் சிறைவைக்கப்பட்டிருந்தார். இன்றும் அக்கட்டடத்துக்கு அவர் பெயரே வழங்குகிறது. பொலோன்யா தலைவர்களை இறக்குமதி மட்டும் செய்யவில்லை, ஏற்றுமதியும் செய்தது. அந்நகரத்தவரான பிரன்காலியோனே தெல்யி அந்தலோ 1252இல் ரோம் நகரை ஆள அழைக்கப்பட்டு, அங்கிருந்த பிரபுக் குடும்பங்களைக் கடுமையாக அடக்கினார்.

ஆனால் மருந்து நோயை முழுமையாகத் தீர்க்கவில்லை. கைவினைஞர்களும் வணிகர்களும் தங்கள் தொழிற்குழுக்கள் வழியாகவும் ஆயுதக் குழுக்கள் வழியாகவும் ஒன்றுதிரண்டு, 1228இல் கிளர்ந்தெழுந்து ஆட்சியில் பங்கு கேட்டார்கள். 1255 முதல் பொதெஸ்தாவுக்கு இணையாக கபித்தானோ தெல் போப்போலோ, அதாவது பொதுமக்களின் தலைவர், என்ற இரண்டாவது பதவி ஏற்பட்டது. அவரும் வெளியூரிலிருந்தே வரவழைக்கப்பட்டார். ஒரே நகரத்தில் இரண்டு தலைவர்கள், இரண்டு மன்றங்கள் என்ற இந்தக் காலத்தில்தான், 1256இல் தொடங்கி, நகராட்சி ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பண்ணை அடிமைகளை அவர்களுடைய உடைமையாளர்களிடமிருந்து பணம் கொடுத்து மீட்டு விடுதலை செய்தது. அவர்களின் பெயர்களைப் பதிவு செய்த ஆவணத்துக்கு சொர்க்கத்தின் நூல் என்று பெயர். கடவுள் மனிதனைச் சொர்க்கத்தில் சுதந்திரமாகப் படைத்தார் என்ற கருத்தோடு அது தொடங்குவதே காரணம். விடுதலை பெற்றவர்கள் இனி நகராட்சிக்கு வரி செலுத்துவார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆயினும் குடும்பப் பகை ஓயவில்லை. 1274இல் லம்பெர்தாட்சி அணியினர் ஆயிரக்கணக்கில் நகரைவிட்டு விரட்டப்பட்டார்கள். களைத்துப்போன நகரம் 1278இல் திருத்தந்தையின் மேலாண்மைக்குள் வந்தது.

அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் பேப்போலி, விஸ்கோந்தி, பென்திவோலியோ எனக் குடும்பங்கள் மாறிமாறி ஆண்டன. பொதெஸ்தா வெறும் நீதித்துறை அலுவலராகச் சுருங்கினார். 1506 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் படையுடன் நகருக்குள் நுழைந்தபின், 290 ஆண்டுகள் நீடித்த ஒரு கூட்டாட்சி ஏற்பட்டது. ஒருபக்கம் திருத்தந்தையின் பிரதிநிதியாக ரோமிலிருந்து வரும் கர்தினால். மறுபக்கம் உள்ளூர்ப் பிரபுக் குடும்பங்களின் செனட் சபை. ஒருவர் இசைவின்றி மற்றவர் எதையும் செய்ய இயலாது என்பது கோட்பாடு. நடைமுறையில் காலத்துக்கேற்பத் தராசு சாய்ந்தது. கோன்ஃபலோனியேரே என்ற பதவி, அதாவது நகரக் கொடியைத் தாங்குபவர், அக்காலத்தில் நகரத்தின் முதன்மைப் பதவியாக இருந்தது. ஆனால் அவருடைய காலம் இரண்டே மாதங்கள். ஒவ்வோர் இரண்டு மாதமும் பொறுப்பேற்றவர்களின் குலச்சின்னங்களையும் அக்காலத்து விழாக்களையும் வண்ணச் சிற்றோவியங்களாக வரைந்து வைத்த தொகுதி 1530 முதல் 1796 வரையிலும் தொடர்ந்து, இன்றும் நகரின் அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளது. ஓவியங்கள் கண்ணைப் பறிக்கின்றன. பதவியில் எஞ்சியிருந்ததும் பெரும்பாலும் அந்த அழகுதான்.

1796 ஜூனில் நெப்போலியனின் படை வந்தபோது அந்த ஏற்பாடு சரிந்தது. அக்கூர்சியோ மாளிகையின் வாசலுக்கு மேலே, நாள்காட்டியைத் திருத்தியவரும் பொலோன்யாவில் பிறந்தவருமான திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியின் வெண்கலச் சிலை அமர்ந்திருக்கிறது. புரட்சிக்காரர்கள் அதை உருக்கிவிடுவார்களோ என்று அஞ்சிய நகரத்தார், அதற்கு ஆயரின் முடியையும் செங்கோலையும் பொருத்தி, இவர் நகரின் காவல் புனிதரான பெத்ரோனியோ என்று எழுதி வைத்தார்கள். சிலை பிழைத்தது, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அதன் பழைய அடையாளம் மீட்கப்பட்டது. சிலைக்கு நேர்ந்தது பதவிப் பெயருக்கும் நேர்ந்தது. நெப்போலியனின் இத்தாலிய அரசு 1805 முதல் பெரிய நகரங்களின் தலைவருக்கு பொதெஸ்தா என்றும் சிற்றூர்களின் தலைவருக்கு சிந்தகோ என்றும் பெயரிட்டது. பெயர் பழையது, உள்ளே இருந்ததோ பாரிசில் வார்க்கப்பட்ட, மேலிருந்து கீழே ஆணை பாயும் நிர்வாக அமைப்பு. நெப்போலியன் வீழ்ந்து திருத்தந்தையின் ஆட்சி திரும்பியபோது, நகரத் தலைவர் செனத்தோரே என்று அழைக்கப்பட்டார். அக்காலத்தைப் பற்றி இங்கு அதிகம் சொல்வதற்கில்லை.

1859 ஜூன் 12 அன்று, திருத்தந்தையின் ஆட்சிக்குக் காவலாக நின்ற ஆஸ்திரியப் படை பொலோன்யாவை விட்டு வெளியேறியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பின் மூலம் நகரம் பின்னர் இத்தாலி என்றாகவிருந்த அரசில் இணைந்தது. அந்த அரசான பியெமோந்தேயின் 1859ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டமும், அதைப் பின்பற்றிய 1865ஆம் ஆண்டுச் சட்டமும் நாடெங்கும் ஒரே பெயரை நிலைநாட்டின: சிந்தகோ. பொலோன்யாவின் முதல் சிந்தகோ லூயிஜி பித்சார்தி. அவரைத் தேர்ந்தெடுத்தது நகரம் அன்று. வரி செலுத்தும் ஆண்கள் மட்டுமே வாக்களித்து மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுள் ஒருவரை அரசர் மூன்றாண்டுக்கு மேயராக நியமிப்பார். இதற்கு அரசு சொன்ன காரணம் கவனிக்கத் தக்கது. சிந்தகோ தலையில் இரண்டு தொப்பிகள் உள்ளன. ஒன்று நகராட்சியின் தலைவர் என்பது, மற்றொன்று பிறப்பு இறப்புப் பதிவு, வாக்காளர் பட்டியல், பொது ஒழுங்கு ஆகியவற்றில் நடுவண் அரசின் அலுவலர் என்பது. இரண்டாவது தொப்பியைப் போடும் உரிமை அரசருடையது என்பதால் முதல் தொப்பியும் அவர் கையால் வர வேண்டியதாயிற்று. அந்த இரட்டை இயல்பு இன்றும் சட்டத்தில் நீடிக்கிறது. இத்தாலிய மேயர் விழாக்களில் தோளிலிருந்து குறுக்காக அணியும் மூவண்ணப் பட்டையில் குடியரசின் சின்னமும் நகராட்சியின் சின்னமும் சேர்ந்தே இருப்பது அதன் வெளிப்பாடு.

1888 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் மேயரை மன்றமே தேர்ந்தெடுக்கலாம் என்றது. 1896இல் இவ்வுரிமை எல்லா ஊர்களுக்கும் கிடைத்தது. ஆயினும் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் இன்னும் சிலரே. 1912இல் ஆண்களின் வாக்குரிமை பெரிதும் விரிந்தபின் நடந்த 1914ஆம் ஆண்டு நகராட்சித் தேர்தலில்தான் பொலோன்யாவில் காட்சி மாறியது. சோஷலிஸ்டுகள் வென்றார்கள், பிரான்செஸ்கோ ஸனார்தி மேயரானார். ரொட்டியும் எழுத்தறிவும் என்பது அவருடைய முழக்கம். சில வாரங்களில் ஐரோப்பியப் போர் மூண்டு, தானிய விலை ஏறத் தொடங்கியது. நகராட்சியே மாவும் ரொட்டியும் மற்ற உணவுப் பொருள்களும் கட்டுப்படியாகும் விலையில் விற்கும் கடைகளைத் திறந்தது. மக்கள் அவற்றை ஸனார்தியின் கடைகள் என்றே அழைத்தார்கள், அவரை ரொட்டி மேயர் என்றார்கள். நீதி வழங்குவதும் விழா நடத்துவதுமாக இருந்த ஒரு பதவி, குடிமகனின் அடுப்படிவரை வந்த முதல் காலம் அது எனலாம்.

1920 நவம்பர் 21 அன்று அவருக்குப் பின் வந்த எனியோ ஞூதி என்ற ரயில்வே தொழிலாளி பதவியேற்றார். அவர் அக்கூர்சியோ மாளிகையின் மாடத்தில் மக்கள்முன் தோன்றியபோது, ஆயுதம் தாங்கிய ஃபாசிஸ்டுகள் சதுக்கத்தில் தாக்குதல் தொடங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டிலும், பீதியில் மாளிகைக்குள்ளிருந்து வீசப்பட்ட குண்டுகளிலும் வெளியே பத்துப் பேர் இறந்தார்கள். மன்றக் கூடத்துக்குள் எதிர்க்கட்சி உறுப்பினர் ஜூலியோ ஜொர்தானி சுட்டுக் கொல்லப்பட்டார். மன்றம் கலைக்கப்பட்டது, மேயர் நாற்காலியில் அரசு ஆணையர் அமர்ந்தார். 1926இல் முசோலினி அரசு நாடெங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றங்களையும் மேயர்களையும் ஒழித்து, அரசாணையால் ஐந்தாண்டுக்கு நியமிக்கப்படும் தலைவரைக் கொண்டுவந்தது. அவருக்கு வைத்த பெயர் பொதெஸ்தா.

இடைக்காலப் பெருமையை நினைவூட்டும் பெயர் என்பதால் அது தெரிவு செய்யப்பட்டது; ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தால் பழைய பதவியின் ஒவ்வோர் உறுப்பும் தலைகீழாக்கப்பட்டிருப்பது தெரியும். பழைய பொதெஸ்தாவை நகரம் அழைத்தது, புதியவரை அரசு அனுப்பியது. பழையவருக்குப் பக்கத்தில் மன்றம் இருந்தது, புதியவருக்கு இல்லை. பழையவர் போகும்போது கணக்குக் கொடுத்தார், புதியவரிடம் கேட்க நகரத்தில் யாருக்கும் உரிமை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பழையவர் உள்ளூர்ச் சண்டையில் பங்கில்லாத அந்நியர். பொலோன்யாவின் முதல் ஃபாசிசப் பொதெஸ்தாவான லேயான்திரோ அர்பினாத்தியோ, 1920இல் அந்த மாளிகையைத் தாக்கிய அணியின் தலைவர். நகரின் பெரிய விளையாட்டரங்கம் அவருடைய முயற்சியால் எழுந்தது. இன்றும் பொலோன்யா கால்பந்து அணி அங்கேதான் ஆடுகிறது.

1945 ஏப்ரல் 21 அன்று நகரம் விடுதலை அடைந்ததும், எதிர்ப்புப் போராட்டத்தை நடத்திய விடுதலைக் குழு முன்மொழிந்தவரும் பல ஆண்டுகளைப் பிரான்சில் நாடுகடந்து கழித்தவருமான கம்யூனிஸ்ட் ஜுசெப்பே தோட்சா மேயரானார். 1946 மார்ச் 24 அன்று நடந்த தேர்தலில் பெண்கள் முதல்முறையாக வாக்களித்தார்கள். தோட்சா 1966 வரை இருபத்தோராண்டு அப்பதவியில் இருந்தார். 1956இல் கிறிஸ்தவ சனநாயகக் கட்சி அவரை எதிர்த்து, அரசியல் சட்டத்தை வரைந்தவர்களில் ஒருவரான ஜுசெப்பே தொஸ்ஸெத்தியை நிறுத்தியது. தோட்சா வென்றார், ஆனால் நகரை வட்டங்களாகப் பிரித்து ஆட்சியை மக்களுக்கு அருகே கொண்டுசெல்ல வேண்டும் என்று தொஸ்ஸெத்தி தரப்பு எழுப்பிய யோசனையை வென்றவர்களே 1960களில் நடைமுறைப்படுத்தினார்கள். தோற்றவரின் திட்டத்தை எடுத்துக்கொள்ள வெட்கப்படாத அரசியல் அது.

இக்காலம் முழுவதும் மேயரைத் தேர்ந்தெடுத்தது மக்கள் அல்ல, நகர மன்றம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இம்முறையில் கட்சிகளின் பேரம் முறிந்தால் மேயரும் விழுவார். ரோம் நகரம் 1976 முதல் 1993 வரையிலான பதினேழு ஆண்டுகளில் ஆறு மேயர்களைக் கண்டது. பொலோன்யாவில் கம்யூனிஸ்ட் கட்சி வலுவாக இருந்ததால் 1945 முதல் 1993 வரை நான்கே பேர்: தோட்சா, குயிதோ ஃபாந்தி, ரெனாத்தோ ஸாங்கேரி, ரென்சோ இம்பேனி. பொருளியல் வரலாற்றாசிரியரான ஸாங்கேரியின் காலத்தில் பழைய நகர்ப்பகுதியின் வீடுகளை இடிக்காமல், அங்கு வாழ்ந்த ஏழைகளையும் வெளியேற்றாமல் புதுப்பிக்கும் திட்டம் வந்தது. 1980 ஆகஸ்ட் 2 அன்று ரயில் நிலையத்தில் வெடித்த குண்டு 85 பேரைக் கொன்றபோது, குடியரசுத் தலைவர் பெர்த்தினி அருகிருக்க, பியாட்சா மஜ்ஜோரேயில் நிறைந்த கூட்டத்தின்முன் நகரத்தின் சார்பில் பேசியவரும் அவரே. இத்தகைய நேரங்களில் மேயர் பேசுவது தம் பெயரில் அன்று. சிந்தகோ என்ற சொல்லின் பழைய பொருள் அப்போது உயிர்பெறுகிறது.

இன்றைய முறை 1993 மார்ச் 25ஆம் நாளின் 81ஆம் எண் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. ஊழல் வழக்குகளால் பழைய கட்சிகள் நொறுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த இச்சட்டம், மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழிசெய்தது. பதினைந்தாயிரம் பேருக்கு மேல் வாழும் நகரில் ஒருவர் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றால் வென்றுவிடுவார். இல்லையேல் முதலிரண்டு இடம் பெற்றவர்களுக்கிடையே இரண்டு வாரம் கழித்து மறுவாக்கெடுப்பு நடக்கும். வாக்காளர் விரும்பினால் ஒரு கட்சியின் பட்டியலுக்கும் வேறொரு கட்சியின் மேயர் வேட்பாளருக்கும் வாக்களிக்கலாம். வென்றவரை ஆதரித்த பட்டியல்களுக்குப் பொதுவாக மன்றத்தில் 60 விழுக்காடு இடங்கள் கிடைக்கும்படி சட்டம் பார்த்துக்கொள்கிறது. துறைப் பொறுப்பாளர்களை நியமிப்பதும் நீக்குவதும் மேயரின் உரிமை. பதவிக்காலம் முதலில் நான்காண்டாக இருந்து பின்னர் ஐந்தாண்டாயிற்று; பெரிய நகரங்களில் தொடர்ந்து இருமுறைக்கு மேல் இருக்க முடியாது. மன்றம் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் மேயரை வீழ்த்தலாம், ஆனால் அப்படிச் செய்தால் மன்றமும் சேர்ந்து கலையும். மேயர் விலகினாலும் அதே விளைவுதான். எழுந்தாலும் விழுந்தாலும் இருவரும் சேர்ந்தே என்ற இந்த விதி, மன்ற உறுப்பினர்களை இருமுறை யோசிக்க வைக்கிறது.

நேரடித் தேர்தலின் விளைவைப் பொலோன்யா 1999இல் உணர்ந்தது. 1995இல் முதல் நேரடித் தேர்தலில் எளிதாக வென்ற வால்த்தர் வித்தாலிக்குப் பின், இடதுசாரிகள் தோற்கவே மாட்டார்கள் என்று பேசப்பட்ட நகரில், இறைச்சிக் கடைக்காரராகத் தொழிலைத் தொடங்கி வணிகர் சங்கத் தலைவராக உயர்ந்த ஜோர்ஜோ குவாத்சாலோக்கா மறுவாக்கெடுப்பில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். போருக்குப்பின் இடதுசாரி அல்லாத முதல் மேயர் அவர். மன்றம் தேர்ந்தெடுக்கும் பழைய முறையில் அத்தகைய முடிவு நினைத்துப் பார்க்க முடியாதது. ஐந்தாண்டு கழித்து நகரம் கோஃபெராத்தி வழியாக இடதுசாரிகளிடமே திரும்பியது.

2010 தொடக்கத்தில் அப்போதைய மேயர் விலகியபோது, சட்டப்படி மன்றமும் கலைந்தது. ரோமில் பிறந்த மூத்த அரசு நிர்வாகியான அன்னா மரியா கன்செல்லியேரி ஆணையராக அனுப்பப்பட்டு, 2011 மே வரை ஓராண்டுக்குச் சற்று அதிகமாக நகரை நடத்தினார். வெளியூர்க்காரர், உள்ளூர்க் கட்சிச் சண்டையில் பங்கில்லாதவர், குறுகிய காலத்துக்கு மட்டும் வந்தவர் என்று பார்த்தால், பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பொதெஸ்தாவின் சாயல் அவரிடம் இருந்தது. ஆனால் அவரை அனுப்பியது நகரம் அன்று, அரசு. அவர் பெற்ற நற்பெயரைக் கண்டு அவரையே மேயர் தேர்தலில் நிறுத்தலாம் என்ற பேச்சும் எழுந்தது, அவர் நிற்கவில்லை. 2021 வரை நடந்த தேர்தல்களில் பொலோன்யா ஒரு பெண்ணை மேயராகத் தேர்ந்தெடுத்ததில்லை.

2011 முதல் பத்தாண்டு விர்ஜீனியோ மெரோலாவும், 2021 அக்டோபர் முதல் மத்தேயோ லேப்போரேயும் மேயர்களாயினர். நகரின் பெரும்பாலான தெருக்களில் வண்டிகளின் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைத்தது லேப்போரேயின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. இதற்கிடையே, 2015 தொடக்கம் முதல் பொலோன்யா மேயருக்கு மூன்றாவது தொப்பி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. பழைய மாகாணத்தின் இடத்தில் உருவான, 55 நகராட்சிகளை உள்ளடக்கிய பெருநகரப் பகுதிக்கும் அவரே தலைவர். பொலோன்யா மேயராக வென்ற கணமே அப்பதவியும் தானாக வந்துவிடுகிறது. எனவே அப்பகுதிக்குள் அடங்கிய இமோலா நகரில் வாழும் ஒருவர் தம் ஊரின் சிந்தகோவுக்கு வாக்களிக்கிறார். தம் பகுதியின் பெருநகரத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளிலோ அவர் கையில் வாக்குச்சீட்டு இல்லை.